கடை இருக்கும், கல்லா இருக்காது

இந்தியாவில் துப்பாக்கியை இணையத்தில் வாங்க இயலாது. உரிமம் பெறாத எவரும் துப்பாக்கியையோ தோட்டாவையோ தயாரிக்கவோ விற்கவோ பழுது பார்க்கவோ விற்பனைக்கு வைக்கவோ கூடாது என்று 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் தன் 5-ஆம் பிரிவில் தடுத்து வைத்திருக்கிறது. ஆகவே மாவட்டத் தலைநகரங்களில் எஞ்சியிருக்கும் ஒன்றிரண்டு துப்பாக்கிக் கடைகளில் தூசி படிந்திருந்தால் அதற்கு அமேசான் காரணமன்று. வாங்குவோருக்கு உரிமம் கிடைப்பது அரிது என்பதே காரணம். அந்தக் கடைகளுக்காக நாம் கண்ணீர் வடிக்கப் போவதும் இல்லை. ஆனால் அந்தச் சட்டம் ஓர் உண்மையைப் பறைசாற்றுகிறது. ஒரு சரக்கை எவர், எங்கே, எவரிடம் விற்கலாம் என்று வரையறுக்க அரசு விரும்பினால், அதனால் முடியும். சந்தையைத் தடுக்க முடியாது, தொழில்நுட்பத்துக்கு அணை போட முடியாது என்று நாள்தோறும் நமக்கு உபதேசம் செய்வோர் இதற்கு விடை சொல்லட்டும்.

பட்டாசையும் எடுத்துக்கொள்வோம். 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் அமேசான், பிளிப்கார்ட் ஆகியவற்றின் பெயரைச் சொல்லியே, இணைய வணிகத் தளங்கள் பட்டாசு விற்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. வானம் இடிந்து விழவில்லை. மருந்துக் கடைக்கும் 1940-ஆம் ஆண்டின் மருந்துச் சட்டப்படி உரிமம் தேவை, மருந்தாளுநர் தேவை. அங்கே நடந்தது வேறு கதை. தமிழ்நாட்டு மருந்து வணிகர் சங்கம் தொடுத்த வழக்கில், உரிய விதிகள் வரும்வரை இணைய மருந்து விற்பனையை நிறுத்துமாறு சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி 2018 டிசம்பரில் ஆணையிட்டார். சில வாரங்களில் மேல் அமர்வு அதற்குத் தடை விதித்தது. விதிகளின் வரைவு 2018 ஆகஸ்டில் வெளியானது, வரைவாகவே கிடந்தது. விற்பனையோ ஒரு நாளும் நிற்கவில்லை. துப்பாக்கிக்கும் உரிமம், மருந்துக்கும் உரிமம். ஒன்றில் சட்டம் மதிலாக நிற்கிறது. மற்றொன்றில் ஓட்டை வேலியாகக் கிடக்கிறது. பெருமூலதனம் எதில் கண் வைத்தது, எதில் வைக்கவில்லை என்பதல்லாமல் இவ்வேறுபாட்டுக்கு வேறு காரணம் உண்டா?

மாதேஸ்வரன் மலையில் நின்று துப்பாக்கியைப் பற்றிப் பேசுவதில் ஒரு பொருத்தம் உண்டு. எழுபத்தேழு மலை என்று மக்கள் வழங்கும் இத்தொடர் பழைய மைசூர் மாவட்டத்தின் கிழக்கோரம். 1997-இல் மாவட்டம் பிரிந்த பின் சாமராஜநகரைச் சேர்ந்தது. பாலாற்றைக் கடந்தால் தமிழ்நாடு. சேலம், ஈரோடு, தருமபுரிப் பக்கத்து உழவர்களுக்கு மாதேஸ்வரன். கன்னட உழவர்களுக்கு மாதப்பா. இருவருக்கும் ஒரே படிக்கட்டு. வீரப்பனைத் தேடுவதாகச் சொல்லி இரு மாநில அதிரடிப்படைகளும் இங்கே முகாமிட்ட ஆண்டுகளில், ‘ஒர்க் ஷாப்’ என்று அழைக்கப்பட்ட வதைக்கூடம் இதே மலையில்தான் இருந்தது. தேசிய மனித உரிமை ஆணையம் அமைத்த நீதிபதி சதாசிவா குழுவின் முன் சோளகரும் ஏழை உழவரும் வந்து சாட்சி சொன்னார்கள். 2007-இல் 89 பேருக்கு 2 கோடியே 80 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க ஆணையம் உத்தரவிட்டது. விறகு பொறுக்கப் போனவனையும் ஆடு மேய்க்கப் போனவளையும் நிறுத்தி விசாரிக்க அன்று அரசுக்கு ஆள் இருந்தது, ஆயுதம் இருந்தது, சட்டம் இருந்தது. அதே மலையில் இன்று சோப்பையும் செருப்பையும் செல்பேசியையும் எவர் விற்பது என்ற கேள்வி எழும்போது மட்டும் அரசு கைகட்டி நிற்கிறது.

மலையின் கடைகள் ஒரே வகையானவை அல்ல. கோயிலைச் சூழ்ந்த கடைகளில் பொரி, கடலை, விபூதி, கற்பூரம், தேங்காய், வளையல், பொம்மை. சிவராத்திரி, உகாதி, தீபாவளி, அமாவாசை நாட்களில் ஏறும் கூட்டத்தை நம்பிய வணிகம் இது. படியேறி வந்தவர் கற்பூரத்தை இணையத்தில் தேடுவதில்லை; இந்த வணிகத்தை இன்னும் எவராலும் அசைக்க முடியவில்லை. அடி விழுவது மற்ற கடைகளுக்கு. ஆண்டு முழுவதும் மலையூர் மக்களுக்குப் போர்வையும் டார்ச் விளக்கும் பாத்திரமும் பள்ளிப் பையும் விற்கும் கடைகளுக்கு. மலையிலிருந்து இறங்கினால் அனூரிலும் கொள்ளேகாலத்திலும் மேட்டூரிலும் உள்ள செல்பேசிக் கடை, துணிக்கடை, செருப்புக் கடைகளுக்கு. இவை உடனே மூடப்படுவதில்லை. அதனால்தான் பலருக்கு ஆபத்து புரிவதில்லை. கடை திறந்திருக்கிறது, விளக்கு எரிகிறது, கடைக்காரர் உட்கார்ந்திருக்கிறார். பிறகென்ன என்று கேட்கிறார்கள்.

இதற்கு விடை காண அமெரிக்காவின் துப்பாக்கிக் கடையைப் பார்க்க வேண்டும். அங்கே துப்பாக்கி அஞ்சல் வழியே விற்கப்பட்டது. 1963-இல் ஜான் கென்னடியைக் கொன்ற துப்பாக்கி, சிகாகோவில் உள்ள ஒரு கடைக்கு அஞ்சலில் பணம் அனுப்பி வாங்கப்பட்டது. விலை இருபது டாலருக்கும் குறைவு. 1968-இல் சட்டம் வந்தது. மாநிலம் விட்டு மாநிலம் துப்பாக்கியை நேரே வீட்டுக்கு அனுப்பத் தடை விதிக்கப்பட்டது. உரிமம் பெற்ற உள்ளூர்க் கடையின் வழியாகவே அது கைமாற வேண்டும் என்றாயிற்று. அதாவது சிறு கடைக்குச் சட்டமே காப்பு. உலகில் வேறெந்தச் சில்லறைக் கடைக்கும் இப்படியொரு அரண் கிடைத்திருக்குமா?

இணையம் அந்த அரணை உடைக்கவில்லை; அதைத் தனக்கு வேலைக்கு அமர்த்திக்கொண்டது. இன்று அமெரிக்கர் ஒருவர் தொலைதூரக் கிடங்கின் இணையதளத்தில் விலையை ஒப்பிட்டு, அங்கேயே பணம் கட்டுகிறார். துப்பாக்கி அவருடைய ஊர்க் கடைக்கு வந்து சேர்கிறது. கடைக்காரர் படிவம் நிரப்ப வைக்கிறார், வாங்குவோரின் பின்னணியைச் சரிபார்க்கிறார், பதிவேட்டில் எழுதுகிறார், தவறு நேர்ந்தால் சட்டத்துக்குப் பதில் சொல்கிறார். இத்தனைக்கும் அவருக்குக் கிடைப்பது கைமாற்றுக் கட்டணம் என்ற சிறு தொகை. விற்பனை லாபம் கிடங்குக்குப் போய்விட்டது. தோட்டாவோ, பெரும்பாலான மாநிலங்களில் கடையை எட்டிப் பார்க்காமலே வீட்டு வாசலுக்குப் போகிறது. கடை இருக்கிறது; உரிமம் இருக்கிறது; பொறுப்பும் வழக்கும் வாடகையும் இருக்கின்றன; கல்லா மட்டும் வேறிடத்தில் இருக்கிறது. அமெரிக்காவில் வேட்டைத் துப்பாக்கியும் தோட்டாவும் விற்கும் பெரும் நிறுவனங்களுள் ஒன்று வால்மார்ட். 2018-இல் 1,600 கோடி டாலர் கொடுத்து பிளிப்கார்ட்டின் 77 விழுக்காட்டை வாங்கியதும் அதே வால்மார்ட்தான்.

இனி நம் ஊருக்கு வருவோம். மலையூர்களில் முகவரி என்பது பெரும்பாலும் ஒரு கடையின் பெயர். வீட்டுக்கு எண் இல்லை, தெருவுக்குப் பெயர் இல்லை, பாதிப் பாதைக்கு மேல் செல்பேசிக்குச் சமிக்ஞை இல்லை. பார்சல் கொண்டுவரும் இளைஞர் என்ன செய்வார்? பேருந்து நிறுத்தத்துக் கடையில் கொடுத்துவிட்டுப் போகிறார். கடைக்காரர் வாங்கி வைக்கிறார், பெயரைக் கூப்பிட்டுக் கொடுக்கிறார், சில நேரம் தன் கையிலிருந்து பணமும் கட்டுகிறார். அந்தப் பெட்டிக்குள் இருப்பது தன் கடையில் தொங்கும் அதே சார்ஜர், அதே செருப்பு என்பது அவருக்குத் தெரியும். வாடிக்கையாளரின் முகம் கோணக் கூடாது என்பதால் வாய் திறப்பதில்லை. தன் வணிகத்தைக் கொல்லும் சரக்குக்குத் தன் கடையையே கூலியில்லாக் கிடங்காக்கிய மனிதர் அவர்.

இது தற்செயலாக நேர்ந்ததல்ல, திட்டமிட்ட ஏற்பாடு. சிறு கடைகளைப் பார்சல் வைக்கும் இடமாகவும், சுற்றியுள்ள இரண்டு மூன்று கிலோமீட்டருக்குள் வழங்கும் ஆளாகவும் அமர்த்திக்கொண்டு, ஒரு பார்சலுக்கு இவ்வளவு என்று கொடுக்கும் முறையை அமேசான் இங்கே பல ஆண்டுகளாக நடத்துகிறது. பிளிப்கார்ட்டும் அதே வழியில் மளிகைக் கடைகளைச் சேர்த்தது. முகநூல் நிறுவனம் 2020 ஏப்ரலில் ஜியோவில் 43,574 கோடி ரூபாய் முதலீடு செய்தபோது, மளிகைக் கடைகளை ஜியோமார்ட்டுடன் இணைப்பதே நோக்கம் என்று அம்பானி குழுமம் பெருமையுடன் அறிவித்தது. அங்கே கடைக்காரர் சரக்கு எடுப்பதும் ரிலையன்ஸிடம், வாடிக்கையாளரைப் பெறுவதும் ரிலையன்ஸின் செயலி வழியே. அந்நிய மூலதனம் கசப்பு, சுதேசி மூலதனம் இனிப்பு என்று சொல்லித் திரிவோர் இதையும் கொஞ்சம் சுவைத்துப் பார்க்கலாம்.

சேலம், ஈரோடு வாசகர்களுக்கு இது புதிய கதையே அல்ல. தறி நெசவாளியின் வீட்டில் இருக்கும், தறிக்குழி அவன் தோண்டியது, மின்கட்டணம் அவனுடையது, மனைவியும் பிள்ளைகளும் சேர்ந்து உழைப்பார்கள். நூலும் சேலையும் மாஸ்டர் வீவருடையவை. பார்ப்பவர் கண்ணுக்கு அவன் சொந்தத் தொழில் செய்பவன். கணக்குப் பார்த்தால் வீட்டு வாடகையையும் தானே கட்டும் கூலியாள். வணிக மூலதனம் கைவினைஞனைத் தன் காலடியில் கொண்டுவந்த பழைய முறை அது. இன்று அதே முறையில் கடைக்காரரைக் கொண்டுவருகிறது, அவ்வளவே. மாதேஸ்வரன் கதையில் சிரவணாசுரன் தேவர்களைக் கொல்லவில்லை; எல்லாரையும் தன் அரண்மனையில் ஏவலாளாக்கி வைத்திருந்தான். மக்கள் கதை சொல்லிகளுக்கு இந்த நுட்பம் எப்போதோ தெரிந்திருக்கிறது. அவனை வீழ்த்திய செருப்பைத் தைத்தவர் அரளய்யா என்ற செருப்புத் தொழிலாளி என்பதையும் அவர்கள் மறக்கவில்லை.

சட்டம் என்ன செய்தது? 2012-இல் மன்மோகன் சிங் அரசு பல்பொருள் சில்லறை வணிகத்தில் 51 விழுக்காடு அந்நிய முதலீட்டுக்கு வழி திறந்தது. செப்டம்பர் 20 அன்று நாடு தழுவிய கடையடைப்பு நடந்தது; இடதுசாரிக் கட்சிகளும் வணிகர் சங்கங்களும் தெருவுக்கு வந்தன. பாரதிய ஜனதாவும் அன்று எதிர்த்தது. 2014 தேர்தல் அறிக்கையில் பல்பொருள் சில்லறை வணிகத்துக்கு அந்நிய முதலீடு கிடையாது என்று எழுதியும் வைத்தது. வாசலை அடைத்ததாகச் சொன்னவர்கள் கொல்லைப்புறத்தை 2016 மார்ச்சில் திறந்தார்கள். ‘சந்தைத் தளம்’ என்ற பெயரிட்டால் நூறு விழுக்காடும் வரலாம்! தளம் தானே சரக்கு வைத்து விற்கக் கூடாது, விற்போரையும் வாங்குவோரையும் இணைத்துவைக்க மட்டும் செய்யலாம் என்பது நிபந்தனை.

நிபந்தனை காகிதத்தில் இருந்தது. அமேசான் தளத்தில் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட விற்பனையாளர்கள் இருந்த காலத்தில், 35 பேர் மட்டுமே ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு விற்பனையைச் செய்ததை அந்நிறுவனத்தின் உள் ஆவணங்களைக் கொண்டே ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் 2021 பிப்ரவரியில் வெளிப்படுத்தியது. அவற்றுள் முதன்மையான இரண்டில் அமேசானுக்கே மறைமுகப் பங்கு இருந்தது. சிறு கடைக்காரரும் தளத்தில் ஏறி உலகமெங்கும் விற்கலாமே என்று ஆசை காட்டுவோர் இந்த எண்ணைப் படிக்கட்டும். 2020 ஜனவரியில் விசாரணைக்கு ஆணையிட்ட இந்தியப் போட்டி ஆணையத்தின் புலனாய்வுப் பிரிவு, அமேசானும் பிளிப்கார்ட்டும் தமக்கு வேண்டிய விற்பனையாளருக்குச் சலுகை காட்டிச் சட்டத்தை மீறின என்ற முடிவுக்கு வந்தது. அந்த அறிக்கை முழுமை பெற 2024 ஆகிவிட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் ஒன்றிய வணிக அமைச்சர் பியூஷ் கோயல், அமேசான் கொண்டுவரும் நூறு கோடி டாலர் நாட்டுக்குச் செய்யும் சேவையன்று, விலையை அடித்து வீழ்த்தியதால் வந்த நட்டத்தை ஈடுகட்டும் பணம் என்று மேடையில் முழங்கினார். மிகச் சரியான பேச்சு. துறை அவருடையது, பேனா அவர் கையில். எதிர்க்கட்சி வரிசையில் அமர்ந்திருப்பவரைப் போல ஏன் பேசினார் என்பதுதான் விளங்கவில்லை.

பெரியவர்களிடம் இத்தனை பொறுமை காட்டும் அரசு இயந்திரம், சிறியவர்களிடம் எவ்வளவு வேகமாக ஓடும் என்பதைக் கர்நாடகம் 2025 ஜூலையில் பார்த்தது. யுபிஐ வழியே வந்த தொகையைக் கூட்டிப் பார்த்து, பொருளானால் 40 லட்சம், சேவையானால் 20 லட்சம் என்ற வரம்பைத் தாண்டியதாகப் பெட்டிக்கடை, பேக்கரி, காய்கறிக் கடைகளுக்கெல்லாம் மாநில வணிகவரித் துறை நோட்டீசு அனுப்பியது. காய்கறிக்கும் பாலுக்கும் வரியே இல்லை. வந்த தொகையெல்லாம் விற்பனையும் இல்லை. பெங்களூருக் கடைகளில் ‘யுபிஐ இல்லை, ரொக்கம் மட்டும்’ என்ற அட்டைகள் தொங்கின. வணிகர்கள் கடையடைப்பு அறிவித்த பிறகே முதலமைச்சர் சித்தராமையா அழைத்துப் பேசினார். ஆட்சியில் இருப்பது காங்கிரசு. வரிச் சட்டத்தின் வார்ப்பு தில்லியுடையது. பழியை ஒருவர்மேல் ஒருவர் போட்டுக்கொண்டார்கள். நோட்டீசு வாங்கியவருக்கு இருவரும் ஒன்றுதான்.

எல்லையோரத்தில் இன்னொரு கொடுமை. இம்மலையின் இயல்பான சந்தைகளுள் ஒன்று மேட்டூர். மலையில் உண்ணிச்செடிக் குச்சியால் கூடையும் நாற்காலியும் முடையும் சோளகர் குழு ஒன்று, வரிக்குரிய தன் பொருளை இணையத் தளத்தில் போட்டுப் பாலாற்றுக்கு அப்பால் விற்க நினைத்தால், முதல் ரூபாயிலிருந்தே ஜிஎஸ்டி பதிவு பெற வேண்டும். 2023 அக்டோபர் முதல் கிடைத்த தளர்வு மாநிலத்துக்கு உள்ளே விற்போருக்கு மட்டுமே. தளத்தின் எல்லை உலகம். குழுவின் எல்லை பாலாற்றுச் சோதனைச் சாவடி.

சிறு கடைக்காரரைப் புனிதராக்குவது நம் வேலையன்று. காட்டிலிருந்து சோளகர் இறக்கிய தேனையும் சீகைக்காயையும் பூந்திக்கொட்டையையும் எடை குறைத்து வாங்கியவர்களும், உப்புக்கும் புகையிலைக்கும் கடன் எழுதியே மக்களைக் கட்டிப்போட்டவர்களும் வணிகர்கள்தாம். அதனால்தான் பழங்குடியினருக்கான ‘லேம்ப்ஸ்’ கூட்டுறவுச் சங்கங்கள் வந்தன. சிறுவன மகசூல் மீதான உரிமையை 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் எழுத்தில் தந்தது. அந்த இடைத்தரகரை இணையம் ஒழித்துவிட்டதா? இல்லை. காட்டுத் தேன், பழங்குடித் தேன் என்று அழகிய சீசாவில், அழகிய படத்துடன் நகரத்து நிறுவனங்கள் இணையத்தில் விற்கின்றன. மரத்தில் ஏறியவரின் பெயர் சீசாவில் இல்லை. விலையிலும் அவருக்கு உரிய பங்கு இல்லை. தரகர் இறங்கிப்போய், தரகுக்கு மேல் தரகு ஏறியிருக்கிறது.

மலிவாகக் கிடைக்கிறதே, ஏழை வாங்குவதை ஏன் தடுக்கிறீர்கள் என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி; தட்டிக்கழிக்கக் கூடாது. மலையூர்க் கூலித் தொழிலாளி நூறு ரூபாய் மிச்சப்படுத்துவதை எவரும் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த மலிவு எங்கிருந்து வருகிறது? ஒரு பங்கு, போட்டியாளர் ஒழியும்வரை நட்டத்துக்கு விற்கும் மூலதனத்திலிருந்து வருகிறது. போட்டியாளர் ஒழிந்தபின் விலை என்ன ஆகும் என்பது எவருக்கும் தெரியாத மர்மமன்று. மற்றொரு பங்கு தொழிலாளியின் உடலிலிருந்து வருகிறது. அரியானாவின் மானேசரில் உள்ள அமேசான் கிடங்கில், இலக்கை முடிக்கும்வரை தண்ணீர் குடிக்கவோ கழிப்பறைக்குச் செல்லவோ மாட்டோம் என்று தொழிலாளரை உறுதிமொழி எடுக்க வைத்த செய்தி 2024 கோடையில் வெளியானது. வெளியில் வெயில் 45 பாகையைத் தாண்டிய காலம் அது. மலையேறிப் பார்சல் கொண்டுவரும் இளைஞருக்கு வண்டி சொந்தம், பெட்ரோல் சொந்தம், விபத்தும் சொந்தம். 2025-இல் கர்நாடகம் இயற்றிய தளத் தொழிலாளர் நலச் சட்டம், அவருக்குக் கொடுக்கும் ஊதியத்தின்மேல் 1 முதல் 5 விழுக்காடு வரை நிறுவனங்களிடம் நலநிதி வாங்க வழி செய்கிறது. நல்ல தொடக்கம், ஆனால் அவரைத் தொழிலாளி என்று அழைக்க இன்னும் சட்டத்துக்கு நா எழவில்லை.

இன்னொன்றும் உண்டு. மழைக்காலத்தில் வேலை இல்லாத இரண்டு மாதங்களுக்கு அரிசியும் பருப்பும் பற்று எழுதிக் கொடுப்பது பக்கத்துக் கடை. எந்தச் செயலியும் மலையூர்க் கூலிக்கு அதைச் செய்யாது. செய்தால் வட்டியோடுதான் செய்யும். நுகர்பொருள் விநியோகஸ்தர் கூட்டமைப்பு 2024-இல், ஓராண்டில் நாட்டில் இரண்டு லட்சம் மளிகைக் கடைகள் மூடப்பட்டதாகச் சொன்னது. அத்தனை பற்று நோட்டுகளும் அவற்றோடு மூடப்பட்டன என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும்.

ஆகவே ‘சமமான ஆடுகளம்’ என்ற வணிகர் சங்கங்களின் கோரிக்கை போதாது. அமெரிக்கத் துப்பாக்கிக் கடை ஆடுகளத்தின் நடுவில்தான் நின்றது, சட்டத்தின் துணையோடு; ஆனாலும் லாபம் போய்விட்டது. கடையைக் காப்பாற்றும் சட்டம் வேண்டும் என்பதோடு, கல்லாவைக் காப்பாற்றும் சட்டமும் வேண்டும். அடக்க விலைக்குக் கீழே விற்பதைத் தடை செய்ய வேண்டும். தளத்தோடு தொடர்புடைய நிறுவனம் அத்தளத்தில் விற்கக் கூடாது. தரகு விகிதத்துக்கு உச்சவரம்பு வேண்டும். பார்சலைப் பெற்று வழங்கும் கடைக்குச் சட்டப்படி கூலி வேண்டும். மலையில் ரேஷன் கடையும் லேம்ப்ஸும் வெறும் அரிசி, தேன் என்று நிற்காமல், சிறு கடைகளுக்கு மொத்த விலையில் சரக்குத் தரும் கூட்டுறவுக் கிடங்குகளாக விரிய வேண்டும். பார்சல் சுமக்கும் இளைஞரும் பார்சலை வாங்கி வைக்கும் கடைக்காரரும் ஒருவரையொருவர் முறைத்துக்கொள்ளும்வரை இவற்றுள் ஒன்றும் நடக்காது. இருவரின் கூலியையும் விழுங்குவது ஒரே வாய்.

தேசிய மின்வணிகக் கொள்கையின் வரைவு 2019 பிப்ரவரியில் வெளியிடப்பட்டது, கொள்கை வரவில்லை. தொடர்புடைய நிறுவனங்கள் விற்பதையும் ஏமாற்று மின்னல் விற்பனையையும் கட்டுப்படுத்தும் விதித் திருத்தத்தின் வரைவு 2021 ஜூனில் வெளியிடப்பட்டது, திருத்தம் வரவில்லை. ஒவ்வோர் ஆண்டும் தீபாவளிக்குச் சில வாரங்கள் முன்பு தளங்கள் தம் மாபெரும் தள்ளுபடித் திருவிழாவை அறிவிக்கின்றன. மாதேஸ்வரன் மலையின் தீபாவளித் திருவிழாவுக்காகக் கடைக்காரர்கள் வட்டிக்கு வாங்கிச் சரக்கு ஏற்றுவதும் அதே வாரங்களில்தான். அடுத்த தீபாவளிக்கு முன் அந்த இரண்டு வரைவுகளையும் நாடாளுமன்றத்தில் வைத்து விவாதிக்க ஒன்றிய அரசு தயாரா?